மூக்கு இல்லை! கண் இல்லை! ஆனாலும் அது முகம்தான்!

உங்களிடம் 100 ரூபாய் நோட்டு ஒன்று இருக்கிறதா? 2018-ம் ஆண்டில் வெளிவந்த இளம் ஊதா நிற நோட்டு. அதைக் கையில் எடுங்கள்.

முன்பக்கத்தைப் பாருங்கள். காந்தி அடிகள் புன்னகை புரிகிறார். கன்னத்து மடிப்பு தெரிகிறது. மீசைகூடத் தெரிகிறது. 1946-ம் ஆண்டில் எடுத்த ஒரு புகைப்படத்தைப் பார்த்துச் செய்த படம் அது.

இப்போது அந்தப் படத்தை விரலால் மெல்லத் தடவுங்கள். புது நோட்டாக இருந்தால் சற்றுச் சொரசொரவென்று இருக்கும். காகிதத்தின் மேல் மை மேடு கட்டி நிற்கிறது. கண் பார்வை இல்லாதவர்களும் தடவி அறியலாம். உலோகத் தகட்டில் மெல்லிய கோடுகளை வெட்டி, அந்தக் கோடுகளில் மையை நிரப்பி, காகிதத்தை வைத்து நசுக்கி எடுத்த படம் என்பதால் வந்த மேடு அது.

சரி, நோட்டைத் திருப்புங்கள். அங்கே ஒரு பக்கமாகச் சின்னதாக ஒரு மூக்குக் கண்ணாடி இருக்கும். வட்டக் கண்ணாடி. தூய்மை இந்தியா இயக்கத்தின் சின்னம். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் கண் இல்லை. கீழே மூக்கு இல்லை. தலையே இல்லை!

யாருடைய கண்ணாடி அது? பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளையைக் கேளுங்கள். "காந்தி தாத்தா!" என்று சொல்லிவிடும்.

ஒரே மனிதர். ஒரே காகிதம். முன்பக்கம் உரித்து வைத்தாற்போல் ஒரு படம். பின்பக்கம் எல்லாவற்றையும் உதறிவிட்டு, ஒன்றே ஒன்றை மட்டும் வைத்துக்கொண்ட படம். முதலாவதைத் "தத்ரூபம்" என்கிறார்கள். இரண்டாவதை "அரூபம்" என்கிறார்கள். அரூபம் என்றால் பயப்பட வேண்டாம். உருவத்தைக் குறைத்துக்கொண்டே போவது, அவ்வளவுதான்.

சித்திரக் கண்காட்சிக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் அரூபப் படத்தைக் கண்டால் சங்கடப்படுகிறார்கள். "நமக்கு இதெல்லாம் புரியாது" என்று மெல்ல நழுவி வந்துவிடுகிறார்கள். புரியாது என்று யார் சொன்னது? தினம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைகிறோமே!

கொலு பொம்மையும் வெண்டைக்காயும்

இந்தக் கட்டுரை அச்சுப் படங்களைப் பற்றியது. அதிலும் மனித முகங்களைப் பற்றியது. ஆகையால் அச்சு என்றால் என்ன என்பதை முதலில் பார்த்துவிடுவோம்.

நவராத்திரி வந்தால் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் பொம்மைக் கடைகள் முளைக்கும். செட்டியார் பொம்மை ஒரே மாதிரி எத்தனை இருக்கிறது! எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. ஓவியன் கையால் செய்யும் அச்சுப் படமும் இப்படித்தான். அவன் காகிதத்தில் நேரே வரைவதில்லை. முதலில் அச்சைச் செய்கிறான். அதிலிருந்து பல படங்களை எடுக்கிறான்.

அச்சில் மூன்று பெரிய வகை உண்டு.

வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டி, மையில் தோய்த்துப் பிள்ளைகள் பூப்போட்டு விளையாடுவார்கள். மேடான இடத்தில் மை ஒட்டும். பள்ளத்தில் ஒட்டாது. மரக்கட்டை அச்சும், லினோ அச்சும் இந்த வகை.

செம்பு அல்லது துத்தநாகத் தகட்டில் ஊசியால் கீறியோ, அமிலத்தால் அரித்தோ பள்ளம் செய்வது இன்னொரு வகை. இதில் மை பள்ளத்தில் தங்கும். மேட்டைத் துடைத்துவிடுவார்கள். ரூபாய் நோட்டில் பார்த்தோமே, அது இந்த வகை.

மூன்றாவது கல்லச்சு. கல்லில் எண்ணெய்ப் பசையான குச்சியால் வரைந்து, கல்லை நனைத்து, மையை உருட்டுவார்கள். எண்ணெயும் தண்ணீரும் சேராது அல்லவா? வரைந்த இடத்தில் மட்டும் மை பிடிக்கும். 18-ம் நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியில் கண்டுபிடித்த முறை இது. ராஜா ரவிவர்மா 1894-ம் ஆண்டில் பம்பாயில் அச்சுக்கூடம் வைத்து, நிறத்துக்கு ஒரு கல்லாக அச்சடித்த லட்சுமியும் சரஸ்வதியும்தான் நம் வீட்டுப் பூஜை அறைகளுக்கு வந்தார்கள். "படம் என்றால் அச்சு அசலாக இருக்க வேண்டும்" என்று நம் கண்ணுக்குப் பழக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

ஒரு வேடிக்கை. அச்சில் இடது, வலதாக விழும். தகட்டில் வலது கன்னத்தில் மச்சம் வைத்தால், காகிதத்தில் இடது கன்னத்தில் இருக்கும்! பெயரை எழுதினால் தலைகீழ்ப் பாடமாகத்தான் செதுக்க வேண்டும்.

கறுப்பு, வெள்ளை. வேறு இல்லை

1930-ம் ஆண்டு. உப்புச் சட்டத்தை மீறக் காந்தி அடிகள் தண்டிக்கு நடந்தார். நாடே கொதித்தது.

வங்காளத்தில் சாந்திநிகேதனில் நந்தலால் போஸ் என்ற ஓவியர் இருந்தார். பிற்காலத்தில் இந்திய அரசியல் சட்டத்தின் மூலப் படியைச் சித்திரங்களால் அழகு செய்தவர் இவர்தான். அவர் ஒரு லினோ துண்டை எடுத்தார். லினோ என்பது தரையில் விரிக்கிற விரிப்பு. ஆளி விதை எண்ணெயும் தக்கைத் தூளும் சேர்த்துச் செய்வது. கத்தியால் வெட்ட மெத்தென்று இருக்கும்.

அதில் காந்தியைச் செதுக்கினார். கையில் தடி. முன்னால் வைத்த கால். சற்றே குனிந்த உடம்பு. கன்னங்கரேல் என்ற பின்னணியில் வெள்ளைக் கோடுகள். அவ்வளவே.

லினோவில் சாம்பல் நிறம் கிடையாது. ஓர் இடத்தை வெட்டினால் வெள்ளை. விட்டால் கறுப்பு. கன்னத்தின் மென்மையான நிழலைக் காட்ட வழி இல்லை. ஆகவே ஓவியன் ஒவ்வொரு கோட்டுக்கும் முன்னால் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டும். இது இல்லாமல் இவர் இவர்தானா? இல்லை என்றால் வைத்துக்கொள். ஆம் என்றால் வெட்டி எறி!

நந்தலால் முகத்தின் நுணுக்கங்களை எறிந்துவிட்டார். நடையை வைத்துக்கொண்டார். தூரத்தில் வருகிற அப்பாவை முகம் தெரிவதற்கு முன்பே நடையை வைத்துக் கண்டுபிடிக்கிறோம் இல்லையா? அந்த வித்தைதான். இந்தப் படம் நாடெங்கும் பரவியது. லினோ மலிவு. மை மலிவு. எந்தச் சின்ன அச்சுக்கூடமும் அடிக்கலாம்.

அடையாற்று வாத்தியார்

நந்தலாலிடம் படித்த மாணவர்களில் ஒருவர் கிருஷ்ணா ரெட்டி. 1925-ம் ஆண்டில் சித்தூர் பக்கத்தில் நந்தனூர் என்ற கிராமத்தில் பிறந்தவர். சித்தூர் அப்போது சென்னை ராஜதானியைச் சேர்ந்தது.

சாந்திநிகேதனில் படிப்பு முடிந்ததும் அவர் வந்து சேர்ந்த இடம் எது தெரியுமா? நமது அடையாறு! ருக்மிணி தேவி நடத்திய கலாக்ஷேத்திரத்தில் 1947-ம் ஆண்டு முதல் 1949-ம் ஆண்டு வரை சித்திரப் பகுதிக்குத் தலைவராக இருந்தார். வந்தபோது வயது 22. கலாக்ஷேத்திரம் திருவான்மியூருக்குப் போனது பிற்பாடு, 1962-ம் ஆண்டில்தான். மாண்டிசோரி அம்மையார் முறையில் ஆசிரியைகளுக்குப் பயிற்சி தரும் பள்ளியிலும் அவர் சித்திரம் சொல்லிக்கொடுத்தார்.

பிறகு கடல் கடந்தார். லண்டனில் ஹென்றி மூரிடம் சிற்பம் படித்தார். பாரிஸ் நகரம் சென்றார். அங்கே வில்லியம் ஹேட்டர் என்ற ஆங்கிலேயர் ஓர் அச்சுக்கூடம் நடத்தினார். பெயர் "அட்லியே 17". பெரிய பெரிய ஓவியர்கள் வந்து கைவேலை பழகிய இடம். சிற்பியான கிருஷ்ணா ரெட்டி அங்கே தகட்டைக் கண்டார். தகட்டை ஒரு காகிதமாக அவர் நினைக்கவில்லை. சிற்பமாகவே நினைத்தார். மேடும் பள்ளமுமாகக் குடைந்தார்.

அங்கேதான் ஓர் அற்புதம் நடந்தது. அதுவரை வண்ண அச்சு என்றால் நிறத்துக்கு ஒரு தகடு வேண்டும். ஐந்து நிறம் என்றால் ஐந்து தகடு, ஐந்து முறை அழுத்து. கிருஷ்ணா ரெட்டியும், பம்பாயில் பிறந்த கைகோ மோத்தியும், ஹேட்டரும் ஒரே தகட்டில், ஒரே அழுத்தில் பல நிறங்களைக் கொண்டுவரும் வழியை உருவாக்கினார்கள்.

எப்படி? நம் வீட்டு அடுக்களை அறிவு போதும். எண்ணெய் தடவிய தோசைக் கல்லில் மாவு ஒட்டாது! அதே சூட்சுமம்தான்.

ஆழமான பள்ளங்களில் முதலில் மையை நிரப்பித் துடைத்துவிடுவார்கள். பிறகு கெட்டியான ரப்பர் உருளையில் எண்ணெய் அதிகம் கலந்த நீர்த்த மையைத் தடவி, தகட்டின் மேல் உருட்டுவார்கள். உருளை கெட்டி. ஆகையால் மை மேட்டில் மட்டும் படும். அப்புறம் மெத்தென்ற உருளை. அதில் எண்ணெய் குறைந்த இறுகிய மை. அது அமுங்கி நடுப் பள்ளத்துக்குள்ளும் இறங்கும். மேட்டில் இருக்கும் எண்ணெய் மை அதை ஒட்டவிடாமல் தள்ளிவிடும். ஒவ்வொரு நிறமும் தன் தன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். காகிதத்தை வைத்து ஒரே அழுத்து. எல்லா நிறமும் வந்துவிடும்!

சொல்லும்போது சுலபம். எண்ணெய் ஒரு சொட்டுக் கூடினாலும் குறைந்தாலும் படம் பாழ்.

கோமாளியின் முகம்

கிருஷ்ணா ரெட்டி முகங்களை என்ன செய்தார்?

1968-ம் ஆண்டில் பாரிஸ் நகரில் மாணவர்கள் கிளர்ச்சி செய்தார்கள். அதை ஓர் அச்சுப் படமாக்கினார். கைகளைத் தூக்கிய கூட்டம். இவர் இன்னார் என்று ஒருவரையும் சொல்ல முடியாது. போராட்டத்தில் புகுந்தவன் கூட்டத்தில் கரைந்துவிடுகிறான். அங்கே மூக்கையும் வாயையும் தேடிக்கொண்டிருந்தால் விஷயம் கைநழுவிவிடும்.

1980-களில் "பெரிய கோமாளி" என்ற படத்தைச் செய்தார். சர்க்கஸ் கோமாளி நிற்கிறான். அவனைச் சுற்றி வட்டங்கள் விரிகின்றன. கோடுகள் தெறிக்கின்றன. அவன் உடம்பு எங்கே முடிகிறது, வெளி எங்கே தொடங்குகிறது என்று சொல்வது கடினம். ஒரே தகட்டைக்கொண்டு நிறங்களை மாற்றி மாற்றிப் பல கோமாளிகளை எடுத்தார். ஒன்றில் கோமாளி சிரிப்பதுபோல் தோன்றும். இன்னொன்றில் நிறம் இருண்டதும் அவனே அழுவதுபோல் தோன்றும். தகட்டில் ஒரு கோடுகூட மாறவில்லை!

இதைத்தான் என்னால் எளிதில் தள்ள முடியவில்லை. ஒரே ஆளின் முகம் காலையில் ஒன்று, கடன்காரன் வந்த பிறகு ஒன்று. எது அவனுடைய தத்ரூபம்?

கிருஷ்ணா ரெட்டி பிறகு நியூயார்க்கில் குடியேறிப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தார். 1972-ம் ஆண்டில் பத்மஸ்ரீ பட்டம் கிடைத்தது. 2018-ம் ஆண்டு ஆகஸ்டு 22-ந்தேதி, 93-வது வயதில் காலமானார். அடையாற்றில் அவர் இருந்தது என்னவோ இரண்டு வருஷம்தான். ஆனாலும் நம் ஊரார் இதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

யாரும் பார்க்காத முகம்

அடையாற்றைத் தாண்டி வடக்கே வந்தால் மயிலாப்பூர். திருவள்ளுவர் வாழ்ந்த ஊர் என்று வழிவழியாகச் சொல்லும் ஊர். அவருக்கு அங்கே கோவிலும் உண்டு.

வள்ளுவர் எப்படி இருந்தார்? பார்த்தவர் யாரும் இல்லை. படம் இல்லை. சிலை இல்லை. ஆனால் "வள்ளுவர்" என்றதும் உங்கள் மனத்தில் ஒரு முகம் வந்ததே! நீண்ட தாடி, உச்சியில் முடிந்த கொண்டை, கையில் எழுத்தாணி. அது கே. ஆர். வேணுகோபால் சர்மா என்ற ஓவியர் கொடுத்த முகம். 1960-ம் ஆண்டில் மத்திய அரசாங்கம் அதைத் தபால் தலையாக அச்சிட்டது. 1964-ம் ஆண்டில் சட்டசபையில் அந்தப் படம் திறக்கப்பட்டது. 1967-ம் ஆண்டில் அரசு அலுவலகங்களில் எல்லாம் அதை வைக்க உத்தரவு வந்தது. பஸ்ஸில் ஏறினால் வள்ளுவர். பாடப் புத்தகத்தைத் திறந்தால் வள்ளுவர்.

அதே மயிலாப்பூரில் எஸ். ராஜம் இருந்தார். 1919-ம் ஆண்டில் பிறந்து 2010-ம் ஆண்டில் மறைந்தவர். வீணை பாலசந்தரின் அண்ணன். சிறு வயதில் "சீதா கல்யாணம்" படத்தில் ராமராக நடித்தவர். சங்கீத வித்வான். அதோடு ஓவியர். தியாகராஜர், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரி மூவரையும் அவர் தீட்டினார். மூவருக்கும் புகைப்படம் கிடையாது. சங்கீதம் தெரிந்த வீடுகளில் சுவரில் தொங்கும் மும்மூர்த்திகள் பெரும்பாலும் ராஜம் கொடுத்த முகங்கள்தான்.

அஜந்தா பாணியில் மனம் தோய்ந்தவர் ராஜம். அரைக் கண் மூடிய பார்வை. நீண்ட விரல்கள். பாட்டைக் கேட்டு, அந்தப் பாட்டைப் பாடியவர் எப்படி இருந்திருப்பார் என்று தேடிக் கண்ட முகம்.

அசலே இல்லாதபோது அச்சு அசல் என்று எதைச் சொல்வது? வள்ளுவரையும் தியாகராஜரையும் "தத்ரூபமாக இருக்கிறது" என்று நாம் சொல்கிறோம். எதோடு ஒப்பிட்டுச் சொல்கிறோம்? அச்சிலே பார்த்துப் பார்த்துப் பழகிய முகத்தோடுதான்! ஆயிரம் பிரதி, லட்சம் பிரதி என்று அச்சு பரவும்போது கற்பனை முகம்கூட நிஜ முகமாகிவிடுகிறது. இது அச்சின் பலம். கொஞ்சம் பயப்பட வேண்டிய பலமும்கூட.

தசை வைத்தவரும் தசை குறைத்தவரும்

சென்னை ஓவியப் பள்ளி 1850-ம் ஆண்டில் டாக்டர் ஹண்டர் தொடங்கியது. 1929-ம் ஆண்டில் தேவி பிரசாத் ராய் சௌதுரி தலைமை ஏற்றார். 1957-ம் ஆண்டு வரை இருந்தார். கடற்கரையில் பாறையை நெம்பும் உழைப்பாளர் சிலையும், காந்தி சிலையும் அவர் செய்தவை. உழைப்பாளர் சிலையில் தசை முறுக்கேறி நிற்பதைப் பாருங்கள். அது தத்ரூபத்தின் உச்சி.

அவருக்குப் பின் கே. சி. எஸ். பணிக்கர் வந்தார். "நம் கோட்டைத் தேடுங்கள்" என்ற காற்று வீசத் தொடங்கியது. கோலத்தின் கோடு, கோவில் சிற்பத்தின் கோடு, ஏட்டுச் சுவடியின் கோடு. 1966-ம் ஆண்டில் ஓவியர்கள் கூடி ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் கிராமத்தை அமைத்தார்கள். பத்திக் துணிகள் செய்து விற்று, அந்தப் பணத்தில் நிலம் வாங்கினார்கள்!

அந்தக் காலத்தில் கல்லூரியில் படித்தவர் கே. எம். ஆதிமூலம். திருச்சி மாவட்டம் துறையூர்ப் பக்கம் கீராம்பூர்க்காரர். 1969-ம் ஆண்டில் காந்தி நூற்றாண்டு வந்தது. பேனாவும் கறுப்பு மையும் கொண்டு காந்தியை 100 படங்கள் வரைந்தார். புகைப்படங்களைப் பார்த்துப் பார்த்து முகத்தைக் கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்ட பிறகு கோட்டைக் குறைத்தார். பின்னாளில் கந்தல் ராஜாக்களை வரைந்தார். கிரீடம் இருக்கும், கம்பீரம் இருக்காது. கடைசியில் முகமே இல்லாத வெறும் வண்ண வெளிகளுக்குப் போய்ச் சேர்ந்தார். 2008-ம் ஆண்டில் மறைந்தார்.

பேனாப் படம் அச்சுப் படம் ஆகுமா என்று கேட்கலாம். கண்டிப்பானவர்கள் ஆகாது என்பார்கள். ஆனால் தமிழ்க் குடும்பங்கள் ஆதிமூலத்தைச் சுவரில் பார்க்கவில்லை. பத்திரிகையில் பார்த்தார்கள். கி. ராஜநாராயணனின் "கரிசல் காட்டுக் கடுதாசி"க்கு அவர் போட்ட கரிசல் முகங்கள் அச்சில்தான் வீட்டுக்கு வந்தன. கறுப்புக் கோடு அச்சில் கெடாது. சாம்பல் நிழல்தான் மங்கிப் போகும். மட்டமான காகிதத்திலும் நிற்கிற முகம் வேண்டுமானால் கோட்டைக் குறைத்தே ஆக வேண்டும்!

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். காந்தியின் மூக்கை ஒழுங்காகப் போடத் தெரியாமல், அதை "அரூபம்" என்று சொல்லித் தப்பிக்கிறவர்களும் இருக்கிறார்கள். நூறு முறை முழுதாக வரைந்தவன் குறைப்பது வேறு. வரையவே தெரியாதவன் குறைப்பது வேறு. பார்த்தால் பிடிபட்டுவிடும்.

ஸ்டூடியோ ஜோடி

தியாகராயநகரில் பட்டும் தாலிக்கொடியும் வாங்கிக் கல்யாணம் முடிந்ததும், அந்த நாளில் மாலையும் கழுத்துமாக ஸ்டூடியோவுக்குப் போவார்கள். அவர் நாற்காலியில் உட்காருவார். அம்மாள் பக்கத்தில் நிற்பார். இருவரும் சிரிக்கக் கூடாது! அந்தப் படம் ஐம்பது வருஷம் கூடத்தில் தொங்கும்.

1942-ம் ஆண்டில் பிறந்த ஆர். பி. பாஸ்கரன் இந்தப் பழைய ஜோடிப் படத்தை எடுத்துக்கொண்டார். சென்னை ஓவியக் கல்லூரியில் படித்து, பின்னால் அதன் முதல்வராகவும் இருந்தவர். அச்சுப் படக் கலையில் தேர்ந்தவர். அவர் செய்த ஜோடிகளில் முகம் கரடுமுரடாக இருக்கும். இன்னார் என்று தெரியாது. ஆனால் அந்த விறைப்பு தெரியும். அந்த நாற்காலி தெரியும். பார்த்தவுடன் "எங்கள் தாத்தா பாட்டி மாதிரி இருக்கிறதே" என்று தோன்றும். உங்கள் தாத்தாவின் தத்ரூபப் படத்தைப் பார்த்தால் எனக்கு அப்படித் தோன்றாது. அது உங்கள் தாத்தா மட்டும்தான்.

தேவகோட்டைக்காரரான ஆர். எம். பழனியப்பன் இன்னும் ஓர் அடி போனார். அமெரிக்காவில் கல்லச்சு பயின்றவர். "பறக்கும் மனிதன்" என்ற வரிசை அவருடையது. மனிதன் போன பாதையே அவரிடம் கோடாகிவிடும்.

முகத்தை மூடிய தகப்பன்

ஜெர்மனியில் கேத்தே கோல்விட்ஸ் என்ற அம்மையார் இருந்தார். பெர்லினில் ஏழைகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டரின் மனைவி. அச்சுப் படத்தில் மகா கெட்டிக்காரி. தகட்டில் ஊசியால் கீறித் தம் சொந்த முகத்தை மயிரிழைகூட விடாமல் பதித்திருக்கிறார்.

1914-ம் ஆண்டு அக்டோபரில் அவருடைய இளைய மகன் பீட்டர் போர்க்களத்தில் இறந்தான். வயது 18.

அந்தத் துக்கத்தைப் படமாக்க அம்மையார் பல ஆண்டுகள் முயன்றார். ஊசிக் கோட்டில் செய்து பார்த்தார். கல்லச்சில் செய்து பார்த்தார். மனம் ஆறவில்லை. கடைசியில் மரக்கட்டையையும் உளியையும் எடுத்தார். 1921, 1922-ம் ஆண்டுகளில் "போர்" என்று ஏழு படங்களைச் செதுக்கினார். அதில் ஒன்று "பெற்றோர்". தகப்பனும் தாயும் மண்டியிட்டு ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்திருக்கிறார்கள். தகப்பன் கையால் முகத்தை மூடியிருக்கிறான். தாயின் முகம் அவன் மேல் புதைந்திருக்கிறது. முகமே தெரியாது. கறுப்புப் பாறைபோல் இரண்டு உடம்பு.

மயிரிழை கீறத் தெரிந்த கை அது. முகத்தை வேண்டாம் என்று விட்டிருக்கிறது. அந்தத் தாயை நம் தெருவிலும் பார்க்கலாம். மாலை போட்ட படத்துக்கு முன்னால் விளக்கு ஏற்றுகிறாளே, அவள்தான். அவளுக்கு வேண்டியது மகனின் தத்ரூபமான புகைப்படம். அதில் ஒரு மச்சம் குறைந்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டாள். அது நியாயம். அந்தத் தாயையே ஒருவர் செதுக்கும்போது மச்சம் தேவைப்படவில்லை. அதுவும் நியாயம்.

வாங்குகிறவர்கள் கவனிக்க

கையால் எடுத்த அச்சுப் படத்தைச் சிலர் "வெறும் பிரிண்ட்தானே" என்று பேரம் பேசுகிறார்கள். ஓவியர்களின் வயிற்றில் அடிக்கும் பேச்சு இது. கம்ப்யூட்டரில் பட்டனைத் தட்டி எடுக்கும் நகலும் இதுவும் ஒன்று அல்ல. ஒவ்வொரு படத்துக்கும் மறுபடி மையை நிரப்பி, துடைத்து, நனைத்த காகிதத்தை வைத்து அழுத்தி எடுக்க வேண்டும். ஒரு நாளில் சில படங்கள்தான் தேறும்.

படத்தின் கீழே பென்சிலில் 3/20 என்று எழுதியிருக்கும். மொத்தம் 20 படங்கள், இது மூன்றாவது என்று அர்த்தம். வலது பக்கம் கையெழுத்து இருக்கும். இருபது முடிந்ததும் தகட்டின் குறுக்கே ஒரு கோடு கீறிக் கெடுத்துவிடுவது வழக்கம். எண்ணும் கையெழுத்தும் இல்லை என்றால் கேள்வி கேளுங்கள். பல பிரதிகள் இருப்பதால் எண்ணெய் வண்ண ஓவியத்தைவிட விலையும் பொதுவாகக் குறைவு.

கிரீம்ஸ் சாலையில் உள்ள லலித் கலா அகாடமியில் இந்த மாதிரிக் கண்காட்சிகள் நடைபெறும். ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலத்திலும் பார்க்கலாம். பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். அரூபப் படத்துக்கு முன்னால் அவர்கள் சங்கடப்படுவதில்லை.

வாங்கினால் சட்டம் போடுகிறவரிடம் ஒன்று சொல்லுங்கள். கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் நடுவில் அட்டை வைத்து இடைவெளி விட வேண்டும். சென்னைக் கடற்காற்றில் ஈரம் அதிகம். காகிதம் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டால் பிய்க்கும்போது மையும் கூடவே வந்துவிடும். வெயில் படாத சுவராகப் பார்த்து மாட்டுங்கள்.